களத்து நாயும் கண்ணாடி மீனும்
— பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வளர்ப்புப் பிராணிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரத்து வறிய மக்களின் வாழ்க்கையை வீதி வீதியாகச் சென்று விசாரித்து எழுதியவர் ஹென்றி மேஹியூ. பத்திரிகையாளரான அவர் சேகரித்த செய்திகள் 1851 முதல் 1862 வரையான காலத்திற் பல தொகுதிகளாக நூலுருப் பெற்றன. பழந்துணி விற்போர், சாக்கடை துழாவுவோர், எலி பிடிப்போர் எனப் பலதிறத்தாரும் உலவும் அத்தொகுதிகளிலே, இக்கட்டுரைக்கு வேண்டிய இரு காட்சிகள் உள்ளன. ஒன்று, கண்ணாடிக் கோளங்களிற் பொன்மீன்களையும் வெள்ளிமீன்களையும் இட்டுத் தெருத்தெருவாக விற்றுத் திரிந்தோரைப் பற்றியது. மற்றையது, மதுச்சாலை ஒன்றின் மேன்மாடியில் வாயுவிளக்கின் ஒளியில் அமைந்திருந்த எலிக்களம் பற்றியது. அம்மதுச்சாலையின் சுவர்களிலே பேர்பெற்ற நாய்களின் பாடஞ்செய்த தலைகள் தொங்கின. வண்டிச்சாரதியும், படைவீரனும், சில்லறை வணிகனும் தத்தம் நாய்களை மடியில் ஏந்தியபடி பந்தயம் வைத்தனர்.

ஒரே நகரம்; ஏறத்தாழ ஒரே காலம். பொன்மீனை வாங்கிய கையும் எலிக்களத்திற் பந்தயப் பணத்தை நீட்டிய கையும் சிலவேளை ஒரே கையாகவும் இருந்திருத்தல் கூடும். இன்று ஐரோப்பிய இல்லங்களிலும், அவற்றைப் பின்பற்றி நம்நாட்டு நகரங்களின் இல்லங்களிலும், வரவேற்பறையின் ஒரு மூலையில் மீன்தொட்டியும் மறுமூலையில் அகன்ற தாடையுடைய நாயொன்றும் இருப்பதை எவரும் வியப்பாகக் கொள்வதில்லை. ஆயின் இவ்விரண்டும் வீட்டினுள் நுழைந்த வரலாறு அத்துணை அமைதியானதன்று. வர்க்க முரண்பாடும், சட்டமும், வேதியியலும், குடியேற்ற நாடுகளின் செல்வமும் அதிற் பிணைந்துள்ளன.

முதலில் நாயின் வரலாற்றை நோக்குதல் தகும். 'புல்டோக்' என்னும் பெயரே அதன் தொழிலைக் காட்டுகின்றது. காளையொன்றை நீண்ட கயிற்றினாற் கட்டுத்தறியிற் பிணைத்து, அதன்மீது நாய்களை ஏவிவிடும் களியாட்டம் இங்கிலாந்திற் பல நூற்றாண்டுகளாக நிலவியது. நாய் காளையின் மூக்கைக் கௌவிப் பிடித்துத் தொங்குதல் வேண்டும். காளை தலையைத் தாழ்த்திக் கொம்பினால் நாயை மேலே தூக்கி எறியும். இவ்வாறு வருத்தப்பட்ட காளையின் இறைச்சியே மென்மையானது என்ற நம்பிக்கையும் நிலவியது. வருத்தாத காளையை அறுத்து விற்பது குற்றமெனச் சில நகரங்கள் விதித்திருந்தன. மத்திய இங்கிலாந்தின் நிலக்கரிப் பிரதேசங்களிலே ஊர்த்திருவிழாவும் காளை வருத்தலும் பிரிக்கமுடியாதனவாக இருந்தன.

இக்களியாட்டத்தைத் தடைசெய்யும் மசோதா 1800 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தின் முன் வந்தபோது, அதனை மிக வன்மையாக எதிர்த்தவர் வில்லியம் விண்டம் என்னும் அரசியல்வாதி. அவரது வாதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. செல்வர் குதிரையேறி நரியையும் மானையும் துரத்திக் கொல்வதை எவரும் கேள்வி கேளாதிருக்க, ஆண்டுக்கொருமுறை ஏழை அனுபவிக்கும் களியாட்டம் மாத்திரம் கொடுமையாகக் கருதப்படுவது ஏன் என்பதே அவரெழுப்பிய வினா. மசோதா சொற்ப வாக்குகளால் தோல்வியுற்றது. பின்னர் 1809 இல் மதகுருவும் அங்கத எழுத்தாளருமான சிட்னி ஸ்மித், இத்தகைய ஒழுக்கச் சீர்திருத்தக்காரரின் கண்களுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் வருமானத்திற்குக் குறைந்தோரின் தீயொழுக்கம் மாத்திரமே தெரிகின்றது என எள்ளினார். ஏழைகளின் பக்கம் நின்று பேசிய விண்டம், தேர்தற் சீர்திருத்தம் முதலிய ஏனைய விடயங்களில் ஏழைகளின் நண்பராக இருந்தாரல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவர் எழுப்பிய வினா நியாயமானதே. ஆயின் அவ்வினாவாற் கட்டுத்தறியில் நின்ற காளைக்கு யாதொரு பயனும் விளையவில்லை.

1822 இல் றிச்சட் மாட்டின் என்னும் ஐரிஷ் உறுப்பினரின் முயற்சியால் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான முதற் சட்டம் நிறைவேறியது. காளைகள் அச்சட்டத்தின் சொற்களுள் அடங்கா என நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. 1824 இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. ஈற்றில், குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த ஜோசப் பீஸ் கொண்டுவந்த 1835 ஆம் ஆண்டுச் சட்டமே காளை, கரடி முதலியவற்றை வருத்துவதற்கும், நாய்ச்சண்டை, சேவற்சண்டை ஆகியவற்றுக்கும் இடமளித்து நடத்துவதைத் தடைசெய்தது. நரிவேட்டையோ தொடர்ந்தது. நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவது இங்கிலாந்திற் சட்டவிரோதமாவதற்கு 2004 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அஃதாவது ஏழையின் களியாட்டத்துக்கும் செல்வனின் களியாட்டத்துக்குமிடையே நூற்றறுபத்தொன்பது ஆண்டுகள்.

சட்டம் ஒருவகையில் நாயின் உடலையே மாற்றிற்று எனலாம். காளையைக் கட்டி வருத்துதற்கு வெளியரங்கும் பெருங்கூட்டமும் வேண்டும். அதனைக் காவலர் கண்ணிலிருந்து மறைத்தல் அரிது. நாய்ச்சண்டைக்கோ மதுச்சாலையின் நிலவறை போதும். எலிகளைக் கொல்லும் பந்தயம் 1835 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணிற் படவேயில்லை. 'பில்லி' என்னும் நாய் 1823 இல் வெஸ்ற்மின்ஸ்ரர் களத்தில் நூறு எலிகளை ஐந்தரை நிமிடத்திற் கொன்றமை அக்காலத்திற் பெரும்புகழ் பெற்ற செய்தியாகும். இத்தொழில்களுக்குப் பருத்த புல்டோக் ஏற்றதன்று. சிறியதும் விரைவுடையதுமான நாய் வேண்டும். எனவே புல்டோக்கையும், வளைகளிற் புகுந்து வேட்டையாடும் ரெரியரையும் கலந்து பெற்ற கலப்பின நாய்கள் முதன்மை பெற்றன. இக்கலப்பு 1835 க்குப் பின்னரே தோன்றியதெனச் சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று, நூற்றாண்டின் தொடக்க காலத்து வேட்டைப் பத்திரிகைகளிலேயே அந்நாய்கள் பற்றிய குறிப்புகள் உள்ளன. சட்டம் செய்ததெல்லாம் அவற்றின் தேவையைப் பெருக்கியமையே.

இந்நாயை வைத்திருந்தோர் யாவர்? பேர்மிங்ஹாமுக்கு மேற்கே, ஆலைப்புகையால் 'கரிய நாடு' எனப் பெயர்பெற்ற பிரதேசத்துச் சுரங்கத் தொழிலாளர், ஆணி அடிப்போர், சங்கிலி வார்ப்போர் ஆகியோரே பெரும்பாலோர். ஆணியும் சங்கிலியும் செய்யும் உலை, வீட்டின் பின்புறத்துச் சிறு கொட்டிலிலேயே இருந்தது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருங்கே உழைத்தனர். அத்தகைய வீட்டில் நாய்க்கெனத் தனியிடம் ஏது? குடும்பம் குளிர்காய்ந்த அடுப்பங்கரையே நாய்க்கும் இடம். பகலிற் பிள்ளைகளின் காலடியில் உறங்கிய நாயே சனிக்கிழமை இரவிற் களத்தில் இறங்கியது. தன் உணவிற் பங்கிட்டு ஊட்டி, காயத்தைக் கழுவி மருந்திட்டு, தன் பிள்ளையைப்போல் வளர்த்த நாயைச் சாவுக்கே அனுப்பிய மனிதனின் உள்ளத்தை விளங்கிக்கொள்வது எளிதன்று. பாசம் பொய்யென்று சொல்வதற்கில்லை. கொடுமை இல்லையென்று சொல்வதற்குமில்லை. அன்றாடம் உயிரைப் பணயம் வைத்துச் சுரங்கத்தினுள் இறங்கியவனுக்கு, அஞ்சாது நின்று பொருதும் நாயின் துணிவிலே தன் மானத்தின் சாயல் தெரிந்திருக்கவேண்டும். அவனிடம் வேறு சொத்தும் இருக்கவில்லை.

ஒரு நுட்பமும் இங்கு சுட்டத்தக்கது. சண்டைக்களத்தில் நாய்களுடன் அவற்றின் பொறுப்பாளரும் நின்றனர். எதிரியின் நாயின் தோலில் மிளகுத்தூள் முதலியன தடவப்பட்டுள்ளனவா என அறிய, அதனை நாவினால் நக்கிச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. சண்டையின் நடுவே நாயைக் கையால் தூக்கி விலக்கவும் வேண்டியிருந்தது. பிற நாயைக் கண்டாற் கொதித்தெழும் அதே பிராணி, மனிதன் கைப்பட்டதும் அடங்குதல் வேண்டும் என்பது வளர்ப்போரின் எதிர்பார்ப்பாயிற்று. பிற்காலத்தவர் இந்நாய்களின் மனித நேசத்திற்குக் காட்டும் காரணங்களுள் இது ஒன்று. ஆனால் விக்டோரியா காலத்திலேயே இவற்றுக்குச் 'செவிலி நாய்' என்ற பெயர் இருந்ததென்றும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே வளர்க்கப்பட்டனவென்றும் பரவலாக வழங்கும் கதைக்கு அக்காலச் சான்றில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அன்புமிகுதியின் விளைவேயாம். இவ்வாறே, 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலில் வரும் கொள்ளைக்காரனின் நாயைத் திரைப்படங்கள் வெள்ளைப் புல் ரெரியராகக் காட்டுகின்றன. டிக்கன்ஸ் அந்நாவலை எழுதிய 1837–39 காலப்பகுதியில் அவ்வினமே உருவாகியிருக்கவில்லை. நாவலில் வருவது உரோமம் சடைத்த ஒரு வெள்ளை நாய் மாத்திரமே.

அவ்வெள்ளை இனத்தை உருவாக்கியவராகக் கருதப்படுபவர் பேர்மிங்ஹாம் நகரத்து நாய் வணிகரான ஜேம்ஸ் ஹிங்ஸ். 1859 இல் நியூகாசிலில் ஒழுங்கமைந்த முதல் நாய்க்கண்காட்சி நடைபெற்றது. பேர்மிங்ஹாமும் விரைவில் அதனைப் பின்பற்றியது. சந்தையின் போக்கை நன்கறிந்த ஹிங்ஸ், பழைய கலப்பின நாயுடன் வெள்ளை ஆங்கில ரெரியரையும் டல்மேஷனையும் கலந்து, வடுவற்ற தூய வெண்ணிறமும் நீண்ட முகமும் உடைய நாயை 1862 இல் அந்நகரத்துக் கண்காட்சியில் நிறுத்தினார். சேறும் இரத்தமும் படிந்த களத்திலிருந்து கனவானின் கம்பளத்துக்கு நாயை ஏற்றிவிட்டது அவ்வெண்ணிறமே. நாய்க்கு அது நன்மையாயிற்றா என்பது வேறு விடயம்: வெண்ணிறத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்புண்டு என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை. 1873 இல் தோன்றிய கெனல் கழகம் இனத்தூய்மையையும் வம்சாவளிப் பதிவையும் பேணியது. தொழிலிழந்த புல்டோக்கும் கண்காட்சி மேடையினாலேயே அழியாது தப்பியது. ஆனால் மேடைக்கென மேன்மேலும் குறுக்கப்பட்ட அதன் முகம், அதனை மூச்சுவிடவே இடர்ப்படும் பிராணியாக்கி விட்டது. களத்திற் காளை செய்ததைக் கண்காட்சியில் இரசனை செய்தது எனின் மிகையாகாது.

தொழிலாளரின் நாய் இம்மேடைகளை நெடுங்காலம் எட்டிப்பார்க்கவில்லை. சங்கிலித் தொழிலுக்குப் பேர்போன கிறேட்லி ஹீத் என்ற ஊரில், சங்கிலித் தொழிலாளியாயிருந்து மதுச்சாலை நடத்திய ஜோ மாலன் முதலியோர் கூடி, 1935 இலேயே தம் நாய்க்கு ஒரு கழகம் அமைத்தனர். அவ்வாண்டே 'ஸ்ரபோட்ஷயர் புல் ரெரியர்' என்னும் பெயரிற் கெனல் கழகத்தின் அங்கீகாரமும் கிட்டியது. 1835 இல் எந்தச் சட்டம் இந்நாயை நிலவறைக்குத் தள்ளியதோ, அச்சட்டத்தின் சரியான நூறாவது ஆண்டிலே இது நிகழ்ந்தது.

இனி மீனுக்கு வருவோம். பொன்மீன் சீனத்தின் கொடை. சொங் வமிசக் காலத்துக் குளங்களிற் பேணப்பட்ட செந்நிறக் கெண்டைவகை மீன், வணிகக் கப்பல்கள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. ஆயினும் நீரை அடிக்கடி மாற்றாவிடின் கண்ணாடிக் கோளத்து மீன் விரைவில் இறந்தது. இதற்கு விடைகண்டவர் இலண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளரான றொபேட் வாறிங்டன். தாவரங்கள் ஒளியில் ஒட்சிசனை வெளிவிடுகின்றன என்பது இங்கன்ஹவுஸ் முதலியோரால் 1779 அளவிலேயே காட்டப்பட்டிருந்தது. 1849 இல் வாறிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் கொண்டது. தாவரம் விடும் ஒட்சிசனை மீன் கொண்டது. ஆனால் அழுகும் இலைகள் நீரைக் கலக்கின. அவர் நீர்நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தையின் முட்டை மீனுக்கு உணவாயிற்று, நீர் தெளிந்தது. 1850 இல் வேதியியற் சங்கத்தின் வெளியீட்டில் இதனை அவர் விவரித்தார். ஒரு சிறு கலத்தினுள் இயற்கையின் சமநிலையைக் கண்முன் நிறுத்திய இப்பரிசோதனை, பிற்காலச் சூழலியற் சிந்தனைக்கும் ஒரு முன்னோடியெனக் கூறத்தக்கது.

வாறிங்டனுக்கு முன்பே, 1846 இல், அன்னா தின் என்னும் பெண்மணி கடலோரத்திலிருந்து பவளவகை உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து கடல்நீரிற் பேணினார். நீரில் வளி கலக்கும் பொருட்டு, யன்னலருகே நின்று அதனை ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்கு மாறிமாறி ஊற்றும் வேலை அவரது பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. அறிவியல் வரலாறுகள் அன்னா தின்னின் பெயரைச் சொல்கின்றன. ஊற்றிய கையின் பெயரைச் சொல்வன அரிது.

1845 இற் கண்ணாடிமீதான வரி நீக்கப்பட்டமையும், புகையிரதப் பாதைகள் கடற்கரையை நகரத்துக்கு அண்மையாக்கியமையும் மீன்தொட்டி பரவத் துணைசெய்தன. 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்மனை திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்த பிலிப் ஹென்றி கொஸ் 1854 இல் வெளியிட்ட நூல், 'அக்குவேரியம்' என்ற சொல்லையே வீட்டுச் சொல்லாக்கிற்று. நூலைக் கையிலேந்திய நடுத்தர வர்க்கத்தினர் உளியும் வாளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். சில ஆண்டுகளிலேயே பாறைக்குட்டைகள் வெறுமையுற்றன. ஆழ்ந்த சமயப்பற்றுடையவரும், கடவுளின் படைப்பைக் காணும்படியே மக்களை அழைத்தவருமான கொஸ், தம் நூலே அப்படைப்பின் அழிவுக்கு வழிகோலியதைக் கண்டு வருந்தியதாக அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பிற் கூறுகின்றார். காளையை வருத்தியவன் கொடியவன் எனப்பட்டான். குட்டைகளை வெறுமையாக்கியவர்களோ இயற்கையன்பர் எனப்பட்டனர். 1860 களின் இறுதியில் மோகம் தணிந்தபோது ஆயிரக்கணக்கான தொட்டிகள் பரண்களை அடைந்தன.

தொட்டிக்கு உடன்பிறப்பான மற்றொரு கண்ணாடிக் கலமும் உண்டு. இலண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் 1829 இற் போத்தல் ஒன்றினுள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை இட்டுவைக்க, அதிலிருந்த ஈரமண்ணிற் பன்னமொன்று தானே முளைத்தது. அதிலிருந்து பிறந்த 'வார்டின் பெட்டி' வரவேற்பறை அலங்காரமாக மாத்திரம் நின்றுவிடவில்லை. 1876 இற் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்ட இறப்பர் நாற்றுகள் இத்தகைய பெட்டிகளிலேயே கடல்கடந்து, ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறும், அவற்றில் உழைத்த மக்களின் வரலாறும் ஒருவகையில் அக்கண்ணாடிப் பெட்டியுடன் தொடங்குகின்றன.

மீனின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது. 1869 இற் பியேர் கார்பொன்னியே சொர்க்கமீன் எனப்படும் கிழக்காசிய மீனைப் பாரிசிற் பெற்று இனப்பெருக்கஞ் செய்வித்ததிலிருந்து, வெப்பவலய மீன்களுக்கு ஐரோப்பாவிற் புதிய வேட்கை எழுந்தது. விளக்கின் சூட்டால் நீரை வெதுவெதுப்பாக்கிய காலம் போய் மின்சாரம் வந்தபின், சாதாரண வீடுகளும் அம்மீன்களைப் பேணலாயின. இலங்கையின் ஈரவலய ஓடைகளில் வாழும் செந்நிறச் சிறுமீனொன்றை, நூதனசாலை அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல 1929 இல் விவரித்துப் பெயரிட்டார். சிங்களக் கிராமத்தவர் 'தித்தயா' என வழங்கிய பெயரையே அவர் அதன் அறிவியற் பெயரின் இரண்டாங் கூறாக்கினார். பெரும்பாலான மீன்களுக்கு ஐரோப்பியச் சேகரிப்பாளரின் பெயரோ இலத்தீன் அடைமொழியோ சூட்டப்பட்ட காலத்தில் இது குறிப்பிடத்தக்க செயலாகும். ஆங்கிலத்திற் 'செரி பாப்' என வழங்கும் அம்மீன் சில ஆண்டுகளுள் ஐரோப்பியத் தொட்டிகளை அடைந்தது. இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறந்தவை. கண்ணாடிக்கு அப்பால் ஓடையொன்று உண்டென்பதை அறியாதவை. நிழல்தரும் காடு வெட்டப்பட்ட இடங்களில் ஓடையின் தித்தயாவோ தன் வாழிடத்தை இழந்துவருகின்றது.

நாயின் கதை மீண்டும் சட்டத்திடம் வந்து சேர்கின்றது. நாய்கள் மனிதரைத் தாக்கிய சம்பவங்களால் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, பிரித்தானியப் பாராளுமன்றம் 1991 இல் அபாயகரமான நாய்கள் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. பிற் புல் ரெரியர் உட்பட நான்கு வகைகள் தடைசெய்யப்பட்டன. வம்சாவளிப் பதிவும் கழகமும் பெற்றிருந்த ஸ்ரபோட்ஷயர் தடைக்கு உட்படவில்லை. தடையை நிருணயிப்பது நாயின் பிறப்பன்று, அதன் தோற்ற அளவைகளே. ஆதலால், கடித்தறியாத நாய்கள் தாடையின் அகலம் காரணமாக நீதிமன்றத்தில் நின்றன. பிராணிநலச் சங்கங்கள் இனத்தை விடுத்து உரிமையாளரின் நடத்தையையே சட்டம் நோக்கவேண்டும் என நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன. அவ்வாதத்தில் உண்மை உண்டு. உயிரிழந்தோரின் குடும்பங்கள் எழுப்பும் வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. வளர்த்தவனின் பாசம் அயலவனின் பிள்ளைக்குக் காப்பாகாது.

2023 ஆம் ஆண்டின் இறுதியில் 'எக்ஸ் எல் புல்லி' என்னும் பெருவகையும் இங்கிலாந்திலும் வேல்சிலும் தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2024 பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து விலக்குச் சான்றிதழின்றி அதனை வைத்திருத்தல் குற்றமாயிற்று. சான்றிதழ் பெற்ற நாய் மலடாக்கப்பட வேண்டும். தோலின்கீழ் அடையாளச் சில்லு பொருத்தப்பட வேண்டும். அதற்குக் காப்புறுதி வேண்டும். பொதுவிடத்தில் வாய்க்கூடும் வாரும் வேண்டும். வீட்டுக்குள் அவை வேண்டியதில்லை. வாயிலைக் கடந்து உள்ளே வந்ததும் வாய்க்கூடு கழற்றப்படுகின்றது; நாய் தன் பழைய இடத்திற் சென்று படுத்துக்கொள்கின்றது.